அந்தப் படத்தில் லைஃப் ஜாக்கெட் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு உங்கள் பேப்பரின் கடைசிப் பக்கத்தில் ஒரு படம் வந்திருந்தது. கடலில் கயாக் என்கிற ஒல்லியான சின்னப் படகு ஒன்று, அதில் வெற்றுடம்போடு ஒரு வெள்ளைக்காரர், மடியில் ஒன்றரை முழத்துக்கு ஒரு மீன், அதன் வாயில் மூன்று முள் தூண்டில் அப்படியே தொங்குகிறது. கீழே, 'வஞ்சிர இனத்தைச் சேர்ந்த ராட்சத நீலமீனைத் தனி ஆளாக அடக்கிய வீரர்' என்று போட்டிருந்தீர்கள். டீக்கடையில் அதைப் பார்த்த நாலு பையன்கள் "செம மாஸ்" என்று சொல்லிப் போனில் படம் பிடித்துக்கொண்டார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருந்தேன். வடை இறங்கவில்லை.

ஏனென்றால் அந்த மீனை நானும் பிடித்திருக்கிறேன், கயாக்கில் உட்கார்ந்துதான் பிடித்தேன், அது கடித்த தழும்பு என் வலதுகைக் கட்டைவிரலில் இன்னும் இருக்கிறது.

சோழவந்தானில் 31 வருஷம் லாரி டயர் பஞ்சர் கடை வைத்திருந்த ஆளுக்கும் அமெரிக்கக் கடல் மீனுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். மகளைக் கட்டிக்கொடுத்த இடம் நியூ ஜெர்சி, அவ்வளவுதான் சம்பந்தம். 2022-ல் பேரன் பிறந்திருக்கிறான் என்று போனோம். என் வீட்டுக்காரிக்குப் பேரனைக் குளிப்பாட்டப் பொழுது சரியாக இருந்தது. எனக்குத்தான் ஜன்னலைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போனது. மாப்பிள்ளை பார்த்தார், "மாமா, உங்களுக்குக் கண்மாயில மீன் பிடிச்ச பழக்கம் இருக்குல்ல, வாங்க" என்று கூட்டிப்போய்விட்டார். அவர் திருமங்கலத்துப் பிள்ளை, இங்கே இருக்கும்வரை தூண்டிலைத் தொட்டதில்லை, அங்கே போய்ப் பைத்தியம் பிடித்துவிட்டது.

முதலில் மீனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது வஞ்சிரம் இல்லை, வஞ்சிரத்தின் குடும்பமும் இல்லை. புளூஃபிஷ் என்று பெயர். அதன் குடும்பத்தில் இன்று உயிரோடு இருப்பது அந்த ஒரே இனம்தான், அண்ணன் தம்பி யாரும் கிடையாது. நீலம் என்றும் சொல்லிவிட முடியாது, முதுகு பாசி படிந்த தண்ணீர் மாதிரி பச்சையும் நீலமும் கலந்து இருக்கும், வயிறு வெள்ளி. நெல்பேட்டையிலும் கரிமேட்டிலும் எத்தனையோ வருஷம் மீன் வாங்கியிருக்கிறேன், அங்கே இதை நான் பார்த்ததில்லை. அமெரிக்காவின் கிழக்குக் கரையில் குளிர்காலத்துக்குத் தெற்கே போய்விட்டு, வெயில் வர வர கூட்டம் கூட்டமாக வடக்கே ஏறிவருகிற மீன் இது. மே மாதம் நியூ ஜெர்சிக்கும் நியூயார்க்குக்கும் நடுவில் உள்ள ராரிட்டன் விரிகுடாவுக்குள் பெரிய சைஸ் மீன்கள் நுழையும். மென்ஹேடன் என்று நம்மூர் சாளை மாதிரி எண்ணெய் பிடித்த ஒரு மீன் அங்கே உண்டு, அதைத் துரத்திக்கொண்டு வரும். துரத்துவது என்றால் சாதாரணத் துரத்தல் இல்லை. பசி தீர்ந்த பிறகும் கடித்துக் குதறிப் போட்டுக்கொண்டே போகும். பல் ஒவ்வொன்றும் ரம்பம். நைலான் நரம்பைக் கத்தரிக்கோல் மாதிரி நறுக்கிவிடும் என்பதால் தூண்டிலுக்கு முன்னால் ஒரு முழம் கம்பி நரம்பு கட்டியாக வேண்டும். இதுவரை தூண்டிலில் பிடித்ததில் உலக சாதனை மீன் 14.4 கிலோ, 1972-ல் வட கரோலினாவில் கிடைத்தது. உங்கள் படத்தில் இருந்தது நாலு கிலோ தேறும். ராட்சதன் எல்லாம் இல்லை, ஆனால் ஒரு விரலை எடுக்க நாலு கிலோ போதும்.

அடுத்தது கயாக். இதைப் பணக்காரர் விளையாட்டு என்று நினைத்திருந்தேன், போய் உட்கார்ந்ததும் அட, இது நம்ம கட்டுமரம் அல்லவா என்று தோன்றியது. மாப்பிள்ளையிடம் இருந்தது மேலே உட்கார்ந்து ஓட்டுகிற ரகம், 12 அடி நீளம், உள்ளே காற்றடைத்த பிளாஸ்டிக் கூடு. உட்காரும் இடத்தில் அடிவரைக்கும் ஓட்டைகள் விட்டிருக்கிறார்கள். அலை மேலே ஏறினாலும் தண்ணீர் அந்த ஓட்டை வழியே இறங்கிவிடும், மூழ்காது. கட்டை இடுக்கு வழியாகத் தண்ணீர் வடிகிற அதே கணக்கு. (கட்டுமரம் என்ற நம் சொல்லைத்தான் அவர்கள் கேட்டமரான் என்று எடுத்துக்கொண்டு வேறு ஏதோ இரட்டைப் படகுக்கு வைத்திருக்கிறார்கள். அதை மாப்பிள்ளையின் சிநேகிதர் ஒரு வெள்ளைக்காரரிடம் சொன்னேன், நம்பவே இல்லை. அது கிடக்கட்டும்.)

படகு மூழ்காது, சரி. ஆள்?

இங்கேதான் உங்கள் படம் எனக்கு வடையை இறங்கவிடாமல் செய்தது. என்னை மாப்பிள்ளை முதல் நாளே கடலுக்குக் கூட்டிப்போகவில்லை. வீட்டுக்குப் பக்கத்தில் ஓர் ஏரி, இடுப்பளவு ஆழம், அங்கே கொண்டுபோய் "மாமா, கவிழுங்க" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. வேண்டுமென்றே கவிழ வேண்டுமாம். கவிழ்ந்து, படகைப் புரட்டி நேராக்கி, பக்கவாட்டில் வயிற்றைப் போட்டு, காலை உதைத்து, மேலே ஊர்ந்து, திரும்பி உட்கார வேண்டும். 63 வயதில், கரையில் நாய்க்குட்டியோடு நடைபோகிற அம்மாமார்கள் பார்க்க, ஆறு தடவை கவிழ்ந்தேன். நாலாவது தடவைதான் யார் உதவியும் இல்லாமல் ஏற முடிந்தது. "இன்னும் ரெண்டு தடவை" என்றார். அன்று ராத்திரி என் வீட்டுக்காரி முதுகுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே மாப்பிள்ளையைத் திட்டிய திட்டு இருக்கிறதே, நல்லவேளை அவர் காதில் விழவில்லை.

அப்புறம் குளிர். மே மாதம் வெயில் நன்றாகத்தான் அடிக்கிறது, பனியன் போதும் போல இருக்கிறது. ஆனால் கடல் தண்ணீர் 13, 14 டிகிரிதான். நம் வீட்டு ஃபிரிட்ஜில் வைத்த தண்ணீரை எடுத்துக் கொஞ்ச நேரம் வெளியே வைத்தால் இருக்குமே, அந்தச் சூடு. அதில் திடீரென்று விழுந்தால் முதலில் மூச்சு ஓர் இழுப்பு இழுக்கும், நம் கையில் இல்லை, தானாக இழுக்கும், அந்த நேரம் தலை தண்ணீருக்குள் இருந்தால் நீச்சல்காரனும் தண்ணீரைக் குடித்துவிடுவான். அதற்குப் பிறகு பத்து நிமிஷத்தில் விரல் மடங்காது, கயிற்றைப் பிடிக்க வராது. அதனால் வெயிலுக்குத் தகுந்த மாதிரி உடுத்தாதே, தண்ணீருக்குத் தகுந்த மாதிரி உடுத்து என்பது அங்கே பால பாடம். ரப்பர் மாதிரி ஒரு முழுச் சட்டையை எனக்கு மாட்டிவிட்டார், மாட்டவே கால் மணி நேரம், 31 வருஷம் டியூபை டயருக்குள் திணித்தவனை ஒரு டியூபுக்குள் திணித்தது போல இருந்தது. அதற்கு மேலே லைஃப் ஜாக்கெட். அதன் தோளில் ஒரு விசில். கயாக் ஆனாலும் ஆளுக்கு ஒரு லைஃப் ஜாக்கெட் படகில் இருக்க வேண்டும் என்பது அந்த நாட்டுச் சட்டம், 13 வயதுக்குக் கீழே என்றால் போட்டே இருக்க வேண்டும். பெரியவர்கள் போட்டே ஆகவேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. மாப்பிள்ளை சொன்னார்: "மாமா, சட்டத்துக்காகப் பின்னால கட்டி வைக்கலாம், ஆனா கவிழ்ந்த பிறகு தண்ணிக்குள்ள யாராலயும் போட்டுக்க முடியாது."

கிளம்பிய கதையும் சுலபமாக இல்லை. இரண்டு சனிக்கிழமை காற்று மணிக்கு 15 கிலோமீட்டருக்கு மேல் வீசும் என்று போனில் காட்டியது, இரண்டு தடவையும் வேண்டாம் என்றுவிட்டார். எனக்குக் கோபம். இவ்வளவு தூரம் வந்து, இவ்வளவு கவிழ்ந்து, காற்றுக்குப் பயப்படுவதா என்று. மூன்றாவது வாரம் விடியற்காலை நாலரை மணிக்குப் போனோம். சாண்டி ஹூக் என்று ஒரு மணல் திட்டு, அங்கே 1764-ல் கட்டிய கலங்கரை விளக்கம் இன்றும் எரிகிறது. எதிரே தூரத்தில் நியூயார்க் கட்டடங்கள் ஊசி ஊசியாக. கடலில் மீன் பிடிக்க அங்கே கட்டணம் இல்லை, அரசிடம் பெயரைப் பதிந்தால் போதும், அதையும் இலவசமாக முன்பே பதிந்துவைத்திருந்தார். முதலில் காற்றுக்கு எதிராகத்தான் மிதித்துப் போனோம் (ஆளுக்கு ஒரு கயாக், இரண்டிலும் சைக்கிள் மாதிரி மிதிகட்டை இருந்தது), திரும்பும்போது களைத்திருப்போம், காற்று தள்ளிவிடும் என்று.

மீன் இருக்கும் இடத்தைக் கண்ணுக்கு முன்னால் மூக்குதான் காட்டிக்கொடுத்தது. நம்பமாட்டீர்கள், வெள்ளரிப்பழ வாசனை. புளூஃபிஷ் கூட்டம் இரையைக் குதறும்போது மேலே எண்ணெய் மிதக்கும், அந்த வாசனைதான் அது என்று அங்கே மீன் பிடிக்கிறவர்கள் சொல்வார்களாம். கொஞ்ச நேரத்தில் கடற்பறவைகள் கல் விழுவது போல விழ ஆரம்பித்தன, தண்ணீர் உலை கொதிப்பது மாதிரி கொதித்தது. "கூட்டத்துக்கு நடுவுல போகாதீங்க, ஓரத்துல நில்லுங்க மாமா." ஓரத்தில் நின்று, தூண்டில் முள் மாட்டிய ஒரு மரக்கட்டைப் பொய்மீனை எறிந்து, தத்தித் தத்தி இழுத்தேன். மூன்றாவது எறிதலில் ஒரு வெடி.

விரால் கடித்தால் ஒரு சுண்டு சுண்டி அடியில் போய்ப் படுக்கும், கட்லா என்றால் பாரமாக இழுக்கும், அதெல்லாம் எனக்குப் பழக்கம். இது தலையை ஆட்டுகிற ஆட்டு இருக்கிறதே, கம்பு வழியாக என் பல் வரைக்கும் வந்தது. அப்புறம் படகு நகர ஆரம்பித்தது. நான் மிதிக்கவில்லை. மீன் என்னை இழுத்துக்கொண்டு போகிறது! சத்தியமாகச் சொல்கிறேன், அலங்காநல்லூர் மாட்டின் திமிலைப் பிடித்தவனுக்கு எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் கொஞ்சம் தெரிந்தது. "கம்பை முன்னால நீட்டுங்க, பக்கத்துல விடாதீங்க" என்று கத்தினார். விஷயம் அதுதான். மீன் முன்பக்கமாக இழுத்தால் படகு பின்னாலேயே போகும், ஒன்றும் ஆகாது. பக்கவாட்டில் இழுக்க விட்டு நாமும் அந்தப் பக்கம் சாய்ந்தால் போச்சு. ரீலில் பிரேக் மாதிரி ஒன்று இருக்கிறது, அதை இறுக்கிப் பூட்டக் கூடாது, மீன் ஓடும்போது நரம்பு அறாமல் ஓடக் கொடுத்து, அது நிற்கும்போது சுற்ற வேண்டும். பத்து நிமிஷமோ என்னவோ, எனக்கு ஒரு ஜாமம். கடைசியில் படகு ஓரத்துக்கு வந்தது, மஞ்சள் கண், நம்மை நேராகப் பார்க்கிற மாதிரி ஒரு பார்வை.

அப்போது நான் செய்த முட்டாள்தனத்தைத்தான் உங்கள் படத்து வீரர் சிரித்துக்கொண்டே செய்கிறார். வாயைக் கவ்வும் இடுக்கி ஒன்று என் பக்கத்திலேயே கயிற்றில் தொங்கியது. அதை எடுக்காமல், விராலைத் தூக்குகிற பழக்கத்தில் தலையோடு சேர்த்துப் பிடித்து மடியில் போட்டுவிட்டேன். ஒரு துள்ளல். தூண்டில் முள் ரப்பர் சட்டையில் தொடைப் பக்கம் மாட்டிக்கொண்டது, மீன் வாய் என் கட்டைவிரலில். ஒரு நொடிதான். நல்லவேளை மாப்பிள்ளை மூன்று முள் தூண்டிலை எல்லாம் கழற்றி ஒற்றை முள் போட்டு, அதன் நுனியில் பின்பக்கமாக நிற்கிற சின்னக் கொக்கியையும் குறட்டால் நசுக்கி வைத்திருந்தார், அதனால் முள் சுலபமாக வந்துவிட்டது. மூன்று முள்ளாக இருந்திருந்தால் ஒரு முள்ளில் மீன், ஒரு முள்ளில் நான், இரண்டு பேரும் ஒரே கயிற்றில். உங்கள் படத்தில் தொங்குவது மூன்று முள். சட்டையும் இல்லை, ஜாக்கெட்டும் இல்லை.

விரலைத் துணியால் சுற்றிக் கரைக்கு வந்தோம். மீன் 79 சென்டிமீட்டர், 5 கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. மாப்பிள்ளை அதன் செவுளை அறுத்து ரத்தத்தைக் கடலிலேயே வடியவிட்டு ஐஸ் பைக்குள் வைத்திருந்தார். எண்ணெய் மீன் அல்லவா, இதைச் செய்யாவிட்டால் வீட்டுக்குப் போவதற்குள் கவிச்சை வந்துவிடுமாம். அவரும் இரண்டு பிடித்து இரண்டையும் விட்டுவிட்டார். முன்னெல்லாம் ஆளுக்கு ஒரு நாளைக்கு 15 வைத்துக்கொள்ளலாம், மீன் குறைந்துவிட்டது என்று 2020-ல் 3 ஆக்கிவிட்டார்கள். அந்த மூன்றும் எதற்கு, ஒன்று போதும் என்பது அவர் கணக்கு. வீட்டுக்காரி சின்ன வெங்காயம், கெட்டிப் புளி, நல்லெண்ணெய் விட்டுக் குழம்பு வைத்தாள், சதையில் ஓடுகிற கறுப்புப் பட்டையை மட்டும் அறுத்து எறிந்துவிட்டு. அயிலைக் குழம்புக்கு ஒரு படி மேலே என்பேன். வஞ்சிரம் மாதிரி வறுத்தால் எடுபடாது. மகளுக்குத்தான் தரவில்லை, பெரிய புளூஃபிஷ்ஷில் பாதரசமும் மற்ற நச்சும் சேர்ந்திருக்கும், பிள்ளை பெறும் வயதுப் பெண்களும் குழந்தைகளும் சாப்பிட வேண்டாம் என்று அங்கே அரசே சொல்கிறது. அவள் வாசனையை மட்டும் பிடித்துக்கொண்டு என் விரலைப் பார்த்து, "ஏம்ப்பா, உனக்கு இந்த வயசுல இது தேவையா" என்று ஒரு வாரம் கேட்டாள்.

இவ்வளவு எழுதக் காரணம் அமெரிக்கா இல்லை, தென்கரைக் கண்மாய்.

ஐப்பசி, கார்த்திகையில் கண்மாய் நிறைந்ததும் எங்கள் பக்கம் பையன்கள் எதில் ஏறி மீன் பிடிக்கிறார்கள் என்று உங்கள் நிருபர்களுக்குத் தெரியாதா? லாரி டியூப். நடுவில் சாக்கைக் கட்டி, அதில் உட்கார்ந்து, கையால் துடுப்புப் போட்டு வலை விடுவார்கள். என் கடையில்தான் வாங்குவார்கள், நானே ஒட்டுப் போட்டுக் கொடுத்திருக்கிறேன், அதற்கு என்னைத் திட்டினாலும் தகும். இப்போது லாரிகள் டியூப் இல்லாத டயருக்கு மாறிவருவதால் டியூபும் முன்போலக் கிடைப்பதில்லை, தெர்மாகோல் அட்டையைச் சாக்கில் சுற்றிக் கட்டிக்கொண்டு போகிறார்கள், அது நடுவில் ஒடிந்தால் என்ன செய்வது என்று யாரும் யோசிப்பதில்லை. எனக்கு 17 வயதில் நடந்ததைச் சொல்கிறேன். கண்மாய்க்குள் சீமைக்கருவேலம் மண்டியிருக்கும், தண்ணீர் ஏறினால் முள் எல்லாம் ஒரு அடி ஆழத்தில் நிற்கும், கண்ணுக்குத் தெரியாது. நடுக்கண்மாயில் டியூபில் முள் ஏறியது. சைக்கிள் டியூப் மாதிரி மெதுவாக இறங்கும் என்று நினைத்தேன், ஏற்கெனவே இரண்டு ஒட்டுப் போட்ட டியூப், ஒட்டே பிய்த்துக்கொண்டு போய்விட்டது. காலில் வலை சுற்றியிருந்தது. அதே கருவேல மரத்தின் கிளைதான் கையில் கிடைத்தது, முள்ளோடு சேர்த்துக் கட்டிப் பிடித்துக்கொண்டு கத்தினேன். கரையில் ஆடு மேய்த்தவர் வந்து இழுத்தார். எனக்கு நீச்சல் தெரியும், ஆசிரியரே. நீச்சல் நன்றாகவே தெரியும்.

மேலூர் பக்கம் கண்மாய் வற்றியபிறகு பெரியவர் வெள்ளைத் துண்டை வீசியதும் ஊரே ஊத்தாக் கூடையோடு இறங்குகிற மீன்பிடித் திருவிழாவைப் பற்றி நீங்கள் வருஷா வருஷம் படம் போடுகிறீர்கள், அது வேறு, முழங்கால் தண்ணீர், பக்கத்தில் ஆயிரம் பேர். நான் சொல்வது நிறைந்த கண்மாயில் தனியாகப் போகிறவனை. கோடை விடுமுறையில் 'கண்மாயில் மூழ்கி மாணவர் பலி' என்று நீங்களே உள்பக்கத்தில் போடுகிற செய்திக்கும் கடைசிப் பக்கத்தில் போடுகிற 'வீரர்' படத்துக்கும் நடுவில் ஒரு தாள்தான் இருக்கிறது.

படம் போட வேண்டாம் என்று சொல்லவில்லை. போடுங்கள், மீன் பெயரைச் சரியாகப் போடுங்கள். ஜாக்கெட் போட்டவர் படமாகத் தேடிப் போடுங்கள், அங்கே அப்படித்தான் முக்கால்வாசிப் பேர் போகிறார்கள், அப்படிப்பட்ட படம் கிடைக்காமல் போகாது. கிடைக்காவிட்டால் ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். வைகை அணை, கண்மாய் என்று மீன்பிடிக் குத்தகை விடும்போது வலைக்கும் பரிசலுக்கும் கணக்குப் பார்க்கிற அதிகாரிகள் ஆளுக்கு ஒரு ஜாக்கெட் என்பதையும் ஒரு நிபந்தனையாகச் சேர்த்தால் குத்தகைக்காரருக்கு ஒன்றும் குடி மூழ்கிவிடாது. நல்ல ஜாக்கெட் ஒன்று ஒரு வலையை விட விலை குறைவு.

மாப்பிள்ளை எனக்குப் போட்டுவிட்ட ஜாக்கெட்டை ஊருக்குக் கிளம்பும்போது பெட்டியில் வைத்துக் கட்டிவிட்டார். இப்போது என் வீட்டுத் திண்ணையில் ஆணியில் தொங்குகிறது, ஆரஞ்சு நிறம், தெருவில் போகிறவர்கள் எல்லாம் "என்ன தாத்தா, ரோடு போடுற வேலைக்குப் போறீங்களா" என்று கேட்டுவிட்டுத்தான் போகிறார்கள். தை மாதம் ஒரு பையன் மட்டும் வந்து, "தாத்தா, நாளைக்கு ஒரு நாள் தாங்க, எங்கம்மா இது இல்லாமப் போனா காலை ஒடிப்பேன்னு சொல்லிருச்சு" என்று வாங்கிப்போனான். மறுநாள் சாயங்காலம் திருப்பிக் கொண்டுவந்தபோது பாசியும் ஜிலேபிக் கெண்டைச் செதிலுமாக ஒரே நாற்றம். கழுவிக்கூடத் தர மாட்டாயா என்று திட்டி அனுப்பினேன். மூன்று கெண்டையை ஓலைக் கொட்டானில் திண்ணையிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறான், அப்புறம்தான் பார்த்தேன்.

இப்படிக்கு,
பழைய பஞ்சர் கடைக்காரர்,
சோழவந்தான்.